உமியை இகழேல்

"உமி குற்றிக் கை நோவானேன்" என்பது நம்மவர் நாவிற் பழகிய மொழி. வீண் உழைப்பைச் சுட்ட முன்னோர் உமியையே உவமையாக்கினர். நெடுங்காலமாக வகுப்பறையில் இதற்குப் பொருளுரைத்து வந்த நான், அண்மையில் ஒரு மாணவனிடம் தோற்றேன். "சேர், உமியிலிருந்து டயருக்குச் சரக்கு எடுக்கிறார்களே, அது எப்படிப் பயனற்றதாகும்?" என்றான் அவன். இரசாயனவியல் ஆசிரியரை அணுகிக் கேட்டேன். பையன் சொன்னது மெய்யே.

நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை நீரோடு வேரால் உறிஞ்சி, உமியிலே சேர்த்து வைக்கின்றது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி; உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். செவ்வனே எரிந்த அச்சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சிலிக்காவே. சாம்பலைக் காரத்திற் காய்ச்சி, வடித்து, அமிலம் சேர்த்தால் அது வெண்பொடியாகப் படியும். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் இவ்வாறு பெற்ற சிலிக்காவை டயர்களிற் சேர்க்கின்றது. சாம்பலையே சீமெந்தோடு கலப்பாருமுளர். கொங்கிறீற்று உறுதிபெறுவதோடு சீமெந்தும் மிச்சமாகும். சிறுவயதில் என் உம்மா உமிக்கரியைக் கையில் வைத்துப் பல் துலக்கச் சொன்னபோது, இவ்வளவும் அதனுள் அடங்கியிருந்ததென்று யார் கண்டார்!

ஆனால் ஒன்று. எரிக்கும் வெப்பம் சுமார் 700 பாகைக்குள் அடங்கவேண்டும். 800ஐக் கடந்தால் சிலிக்கா பளிங்குருப் பெறத் தொடங்கும். சீமெந்துக்கு அதனாற் பயன் குறைவு, அதன் தூசியைச் சுவாசிப்போர்க்கோ நெஞ்சுநோய். நம் ஆலை அடுப்புகளில் வெப்பத்தை அளந்து பார்ப்போர் எத்தனை பேர்? உலர்த்திய துணியிற் கரும்பொடி படிவதை நொந்துகொள்ளும் நாம், அதே பொடி குழந்தைகளின் மூச்சோடு உட்செல்வதை எண்ணுகிறோமில்லை. இதுவே என் மனக்குறை.

2022இல் மண்ணெண்ணெய் கிடையாமல் நம் கரையோர மீனவர் வரிசையில் வாடியதை யாரும் மறந்திரார். உமியால் தோணி ஓடாதுதான். எனினும் மூன்று கிலோ உமி ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெயின் வெப்பம் தரவல்லது. நெல்லவிக்க நம் ஆலைகள் அதனை எரிப்பது பழைய வழக்கம். காற்றைக் குறைத்து எரித்தால் எரிவாயுவும் பிறக்கும். 2007இல் பீகாரின் தம்குகா என்னும் சிற்றூரில் அவ்வாயுவால் மின்விளக்கு எரிந்தது. இதற்காக வைக்கோலையும் வாரி அடுப்பிலிடச் சொல்பவனல்லேன். அதிலுள்ள பொட்டாசியம் வயலுக்கே உரியது; வட்டையைப் பட்டினி போட்டு விளக்கேற்றுதல் தகாது.

"சாம்பலை வாங்க ஆளில்லையே" என்றார் ஆலை வைத்திருக்கும் நண்பரொருவர். அதன் தரத்தைச் சோதித்தீரா என்று கேட்டேன், சிரித்தார். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் நெல்வட்டைகளுக்கு அருகிலேயே இருக்கின்றது. ஆலைக்காரரும் ஆய்வாளரும் அறிமுகமாவதற்குத் தூரம் ஒரு தடையன்று.

பெரும்போக நெல் ஆலைக்கு வந்ததும், நண்பரின் ஆலைச் சாம்பலில் ஒரு பை எடுத்துக்கொண்டு அங்கே செல்லப்போவதாக அந்த மாணவன் சொல்லியிருக்கிறான். பஸ் காசு என்னுடையது.