பூஸ்டர் போட்டவனுக்குக் காது கேட்காது

மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் தாண்டி ஒலுவில் வரைக்கும், கரையில் ரேடியோ செட் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி அநேகமாக ஒண்டுதான்: "இது எத்தனை வோட்ஸ்?" அடுத்த கேள்வி அதுக்குப் பின்னாலேயே வரும்: "பூஸ்டர் போடலாமா?" செட் எப்படிக் கேட்கும், அன்ரனாவை எந்த உயரத்தில் கட்டவேணும், அவசரத்துக்கு எந்தச் சேனல் என்று கேட்கிறவர்கள் குறைவு. எங்களுக்கு இந்தக் கேள்விகளின் வரிசையே பிழையாகப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் அமெரிக்கா, இங்கிலாந்து என்று சுற்றிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிபி ரேடியோ. சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம் அது. பரீட்சை எழுதி உரிமம் எடுக்கிற ஹாம் ரேடியோக்காரர்களுக்கும், பொலிஸ், இராணுவம், கப்பல் என்று தொழிலுக்காகப் பாவிப்பவர்களுக்கும் வெளியே, சாதாரண சனம் கிட்டத்தில் கதைத்துக்கொள்ள ஒதுக்கிய அலைவரிசை. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இதைத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே 26.965 முதல் 27.405 மெகாஹேர்ட்ஸ் வரை 40 சேனல்கள். ஏஎம்மில் 4 வோட்ஸ், எஸ்எஸ்பியில் 12 வோட்ஸ், அவ்வளவுதான் எல்லை. 9ஆம் சேனல் அவசரத்துக்கு. செட்டுக்கு வெளியால் அம்ப்ளிஃபயர் பூட்டவே கூடாது. இந்தியாவிலும் 26.957 முதல் 27.283 வரை 5 வோட்ஸுக்குள் உரிமம் இல்லாமல் பாவிக்கலாம். எல்லா இடத்திலும் அடிப்படை ஒண்டுதான்: பவர் குறைவாக இருக்கவேணும், அப்பதான் ஒரே சேனலைப் பத்து ஊர் ஒரே நேரத்தில் பாவிக்கலாம்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்க அரசு வீதிகளில் வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்தது. லொறி ஓட்டுநர்கள் எங்கே டீசல் இருக்கிறது, எங்கே பொலிஸ் நிற்கிறது என்று சிபியில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு நாடே அதில் இறங்கிவிட்டது. ஜனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோர்ட்கூட 1976 தேர்தல் நேரம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு சிபியில் கதைத்தார். 23 சேனல் போதாமல் 1977இல் 40 ஆக்கினார்கள்.

சனம் கூடினால் சத்தமும் கூடும்தானே. தன்ட குரல் எடுபடவில்லை என்று ஒருத்தன் நூறு வோட்ஸ் பூஸ்டர் பூட்டுவான். அவன்ட சத்தத்தில் அமுங்கிப்போன மற்றவன் இருநூறு பூட்டுவான். 1978இல் அமெரிக்க ஆணைக்குழு 27 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யக்கூடிய அம்ப்ளிஃபயர்களைச் செய்வதையும் விற்பதையுமே தடுத்தது. அப்பவும் நிற்கவில்லை. அங்கே 6ஆம் சேனல் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான வோட்ஸ் போட்டுப் பீற்றிக்கொள்கிறவர்களின் மைதானம். யார் யாரை அமுக்குகிறான் என்பதுதான் அங்கே விளையாட்டு. என்ன கதைத்தார்கள் என்பது யாருக்கும் முக்கியமில்லை.

இப்ப கணக்கைப் பார்ப்போம். ரேடியோ செட்டில் சிக்னலின் பலத்தைக் காட்டும் மீற்றர் ஒரு புள்ளி ஏறவேணும் என்றால் அனுப்புகிறவன் பவரை நான்கு மடங்காக்க வேணும். 4 வோட்ஸை 16 ஆக்கினால் ஒரு புள்ளி. 64 ஆக்கினால் இரண்டு. 256 வோட்ஸ் போட்டால் மூன்று. அறுபத்திநான்கு மடங்கு பவர், அதுக்குக் காசு, பற்றரி, சூடு, எல்லாம் போட்டு எடுப்பது மூன்றே மூன்று புள்ளிதான்.

கடலில் இது இன்னும் மோசம். படகுகளில் பாவிக்கிற விஎச்எஃப் செட்டின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. ஆகவே எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்ரனாவின் உயரம்தான் தீர்மானிக்கும். இரண்டு படகிலும் அன்ரனா தண்ணீருக்கு மேலே 2 மீற்றர் என்றால் எல்லை சுமார் 11 கிலோமீற்றர். அதே படகு, கரையில் 30 மீற்றர் கம்பத்தில் நிற்கிற அன்ரனாவோடு கதைத்தால் சுமார் 28 கிலோமீற்றர். பவரில் ஒரு வோட்ஸ்கூடக் கூட்டவில்லை, கம்பத்தைத்தான் உயர்த்தினோம். 27 மெகாஹேர்ட்ஸ் அலை உப்புத்தண்ணீருக்கு மேலால் இதைவிடக் கொஞ்சம் வளைந்து போகும், அவ்வளவுதான். பூஸ்டருக்குக் கொடுக்கிற காசில் நல்ல அன்ரனாவும் நல்ல கேபிளும் வாங்குகிறவன்தான் புத்திசாலி.

சரி, காசு அவன்ட காசு, வீணாகட்டும் என்று விடலாமா? விட முடியாது. ஒரு பேச்சு விளங்குவதற்குத் தேவையான பலத்தைவிட, இன்னொரு பேச்சைக் கெடுக்கத் தேவையான பலம் குறைவு. பூஸ்டர்காரன்ட சொல் விளங்காத தூரத்திலும் அவன்ட இரைச்சல் அடுத்தவன்ட சேனலில் கிடந்து உறுமும். மலிவாகச் செய்த பூஸ்டர் என்றால் தன்ட சேனலோடு நிற்காது, பக்கத்துச் சேனல்களிலும் சிந்தும். 27இன் இரண்டு மடங்கு 54, மூன்று மடங்கு 81 என்று மேலே உள்ள அலைவரிசைகளிலும் போய்க் குந்தும். சூரியனில் கரும்புள்ளிகள் கூடுகிற வருடங்களில், பதினொரு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்தக் காலத்தில், 27 மெகாஹேர்ட்ஸ் அலை வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போய்விடும். பக்கத்துப் படகோடு கதைக்கப் போட்ட பவர் யாரோ ஒரு தூரதேசத்து மனிசனுக்கு இடைஞ்சலாகும்.

அமெரிக்க ரேடியோக்காரர்கள் இப்படியானவனுக்கு வைத்த பெயர் முதலை. வாய் பெரிசு, காது சின்னது. அவன்ட சத்தம் எல்லாருக்கும் கேட்கும். பதில் சொல்கிறவனிடம் பூஸ்டர் இல்லை, ஆகவே அவன்ட பதில் இவனுக்குக் கேட்காது. கேட்காததால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். கடலில் ஒரு இயந்திரம் நின்றுபோன தோணிக்காரன், வடியப்போகிற பற்றரியோடு, அந்த நேரத்தில்தான் அதே சேனலில் வாய் திறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை யார் கேட்பது?

பவர் மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. பழக்கம் அதைவிடப் பெரிய பிரச்சினை. யாராவது கதைக்கிறார்களா என்று கேட்காமலே பட்டனை அமத்துவது. சேனலில் பாட்டுப் போடுவது. மைக்கை எங்கேயோ செருகி வைக்க, பட்டன் அமந்தபடி கிடந்து மணிக்கணக்காக இயந்திரச் சத்தத்தை ஊருக்கே ஒலிபரப்புவது. இணையத்தில் மலிவாக வாங்குகிற சீனக் கைசெட்டில் எந்த நம்பரையும் அடிக்கலாம் என்பதால், அது யாருடைய அலைவரிசை என்றே தெரியாமல் அதில் குந்துவது. மரைன் விஎச்எஃப்பில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்தில் கூப்பிடுவதுக்கும் முதல் அழைப்புக்கும் என்று வைத்தது. அங்கே கூப்பிட்டு ஆளைப் பிடித்த உடனே வேறு சேனலுக்கு மாறவேணும். மீன் விலை கதைக்கிற இடமில்லை அது.

இந்தப் பழக்கம் கடலில் மட்டும் முளைத்ததில்லை, தரையிலும் எங்களுக்கு இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு கோண் ஸ்பீக்கர் நாலு திசையில் பேசுகிற ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒண்டில் என்ன சொன்னார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெலிகம கப்புவத்தைப் பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எங்களுக்குள்ளேயே பல கருத்து இருக்கிறது. ஆனால் மார்க்கத்தையோ கோவிலையோ விகாரையையோ ஒருபக்கம் வைத்துவிட்டு யோசித்தாலும் மிச்சமாகிற கேள்வி ஒண்டு இருக்கிறது: சத்தத்தைக் கூட்டுவதும் செய்தியைச் சேர்ப்பதும் ஒரே வேலையா?

இந்தக் கரைக்கு அந்தக் கேள்வி சும்மா கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26 காலை இலங்கையில் கடல் முதலில் ஏறியது கிழக்கில். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள், நாட்டிலேயே கூடுதலான இழப்பு எங்கட பக்கம்தான். அலை தீவைச் சுற்றிப்போய்த் தெற்கே பெரலியவில் ரயிலைப் புரட்டியபோது கிழக்கு அடிபட்டு அரை மணித்தியாலத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அந்த ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கல்முனையிலிருந்து ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை, அந்தக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. போன் கோபுரங்களும் கம்பிகளும் விழுந்த பிறகு, ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் விக்டர் குணதிலக்க போன்ற இலங்கை ஹாம் ரேடியோக்காரர்கள் இருந்தார்கள். அந்தமானில் போர்ட் பிளேயரில் தற்செயலாக நின்ற பாரதி பிரசாத்தும் அவர்ட குழுவும் இதே வேலையைச் செய்தார்கள். ஹாம்காரர்களின் அவசர வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒருத்தர் ஒழுங்குபடுத்துவார், கூப்பிட்டவர் மட்டும் கதைப்பார், மற்ற எல்லாரும் வாயை மூடிக் கேட்பார்கள். அன்று எங்கட கரையில் ஆளுக்கொரு முந்நூறு வோட்ஸ் பூஸ்டர் இருந்திருந்தாலும், இந்த ஒழுங்கு இல்லாமல் ஒரு உயிரும் மிஞ்சியிருக்காது.

"தம்பி, இதெல்லாம் படித்த ஆக்களின் கதை. கடலில் நிற்கிறவன் நான். கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் விழுந்துபோகும். எனக்குத் தூரம் வேணும், நான் பூஸ்டர் போடுவேன்" என்று ஒரு காக்கா சொன்னால், அவர்ட தேவை நியாயமானது என்றுதான் நாங்களும் சொல்வோம். தேவைக்குப் பூஸ்டர் பதில் இல்லை என்பதுதான் வாதம். நாள் படகுக்குக் கரையில் உயர்ந்த அன்ரனாவும் அதில் காது வைத்திருக்கிற ஒரு மனிசனும் வேணும். பலநாள் கலத்துக்கு முறையான எச்எஃப் செட்டும் செய்மதிக் கருவியும் வேணும். ஐரோப்பா 2015இல் எங்கட மீனுக்குத் தடை போட்ட பிறகு, பலநாள் கலங்களில் இடம் காட்டும் கருவி பூட்ட அரசு ஓடித் திரிந்தது, 2016இல் தடையும் எடுபட்டது. ஏற்றுமதிக்காகச் செய்ய முடிந்ததை, போன மனிசன் திரும்பி வருவதற்காகச் செய்ய முடியாதா?

சட்டத்தையும் சொல்லவேணும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அலை வெளியிடுகிற கருவியை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாவிக்க முடியாது. அதைப் பார்க்கிறது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பிடிபட்டால் தண்டனை படகுக்காரருக்கு மட்டுமில்லை. யுத்தகாலத்தில் ஒரு வோக்கி டோக்கி கையில் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கட வாப்பாமாருக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாக நடந்த தேடுதல் எங்களுக்கே தெரியும். அப்படியான ஊரில் கூரைக்கு மேலே களவாக ஒரு பெரிய அம்ப்ளிஃபயர் ஓடினால் அதுக்கு முழுத் தெருவும் பதில் சொல்லவேண்டி வரும்.

ஆனால் தடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்கு வராது. இங்கிலாந்தில் 1981 நவம்பர் 2ஆம் திகதி வரைக்கும் சிபி முழுக்கச் சட்டவிரோதம். சனம் கேட்கவில்லை. அமெரிக்க ஏஎம் செட்டுகளைக் களவாக இறக்கிப் பாவித்தது. அதே 27 மெகாஹேர்ட்ஸில் பொம்மை விமானம் ஓட்டினவர்களின் விமானங்கள் இடைஞ்சலில் விழுந்தன. கடைசியில் அரசு எஃப்எம்மில் 4 வோட்ஸுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. எல்லாரும் ஒரே நாளில் திருந்தவில்லைதான். ஆனால் திருந்த விரும்பினவனுக்குப் போக ஒரு வாசல் இருந்தது.

எங்களுக்கும் வேண்டியது அந்த வாசல். கல்முனையிலோ ஒலுவிலிலோ வைத்து, தமிழில், படகுக்காரர் ஒரு நாள் தொழிலை விட்டு வந்தால் முடித்துக்கொண்டு போகக்கூடிய மாதிரி அனுமதிப்பத்திரம் கொடுக்கவேணும். கட்டணம் ஒரு நாள் டீசலைவிடக் குறைவாக இருக்கவேணும். மீனவர் சங்கங்கள் ஒவ்வொரு துறையிலும் ஒரு உயர்ந்த அன்ரனாவுக்கும், முறை வைத்து இரவில் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தருக்கும் பொறுப்பெடுக்கவேணும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை, நாங்களும் வரத் தயார். இவ்வளவும் கொடுத்த பிறகும் பூஸ்டர் விற்கிறவனையும் பூட்டுகிறவனையும் பிடித்தால் நாங்கள் ஒரு சொல்லும் சொல்லமாட்டோம்.

அதுவரைக்கும் செலவில்லாத மூன்று விசயத்தை இண்டைக்கே செய்யலாம். பட்டனை அமத்த முன்னம் பத்து எண்ணும் வரைக்கும் கேளுங்கள். எட்டுகிற ஆகக் குறைந்த பவரில் கதையுங்கள், நல்ல செட்டில் அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அவசரச் சேனலைச் சும்மா விடுங்கள். அங்கே ஒரு சத்தமும் இல்லையென்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. கூப்பிடப்போகிற யாரோ ஒருத்தருக்கு இடம் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.