மூட்டைக்கு ஒரு நீதி, உலைக்கு ஒரு நீதி

2024 டிசம்பர் 5 அன்று தில்லி மெட்ரோவின் நீல வழித்தடத்தில், மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் இடையே கேபிள் திருடப்பட்டதால் ரயில்கள் பகலெல்லாம் ஊர்ந்தன. அவதிப்பட்டோர் வேலைக்குச் செல்லும் எளிய மக்கள். மின்கம்பியை அறுத்தால் இருளில் மூழ்குவது ஜெனரேட்டர் வைத்திருக்கும் மாளிகையன்று. குடிசையின் விளக்கும் விவசாயியின் பம்புசெட்டும்தான். எனவே பொதுச்சொத்தைத் திருடுவோருக்குப் பரிந்து பேச உழைக்கும் வர்க்கத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதே கேள்வி.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மின்கம்பித் திருட்டுக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 இன்னும் கடுமையானது. முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. சந்தேகத்துக்குரிய ரயில்வே பொருள் ஒருவர் கையில் இருந்தால், அது நேர்மையாக வந்தது என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர் எந்த ரசீதைக் காட்டுவார்? ஆனால் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில், குற்றம் நடந்த இடத்தின் உரிமையாளர் தெரிந்தே உடந்தையாக இருந்தார் என்பதை அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும். மூட்டை சுமப்பவருக்கு ஒரு நீதி, கிடங்கு முதலாளிக்கு வேறொரு நீதி!

இத்துடன் முடியவில்லை. காவல்துறையிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் காவல்துறையினர் ஆகார் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், அவர்களிடம் அளித்தது செல்லும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. அதன் பார்வை ஒழியவில்லை.

உலையில் உருகிய செம்புக்கோ அடையாளமே இல்லை. எந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து வந்தது என்று அது சொல்லாது. ஆனால் உலையின் கணக்கேடு சொல்லும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற நிறுவனமே ஜிஎஸ்டி செலுத்த வேண்டும். பதிவு பெற்றோர் ஒருவருக்கொருவர் விற்றால் 2 சதவீதம் பிடித்தம். வரிக்காக ஒவ்வொரு கொள்முதலையும் பின்தொடரத் தெரிந்த ஒன்றிய அரசு, திருட்டைத் தேடும்போது மட்டும் தெருவோரத்தோடு நின்றுவிடுவது ஏன்?

மறுசுழற்சி விதிகளின் கதையும் இதுதான். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர், விற்பனைக்குக் கொண்டுவருவோர், புதுப்பிப்போர், மறுசுழற்சியாளர் என நான்கு தரப்பையே பதிவுக்கு உரியவராகக் கொண்டன. தில்லி சீலம்பூரின் சந்துகளில் வெறுங்கையால் கம்பிகளைப் பிரித்தெடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. அலுமினியம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கென 2025இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட விதிகளும் அதே பாதையில் செல்கின்றன. மறுசுழற்சி ஆலை சான்றிதழ் உருவாக்கும், பெருநிறுவனம் அதை வாங்கும். சேகரித்துத் தந்தவருக்கு அந்தப் பணத்தில் பங்கு இல்லை.

ஆபத்தில் மட்டும் பங்கு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 2010இல் ஏலம் விட்ட பழைய கருவியொன்றில் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்த தொழிலாளர்களைக் கதிர்வீச்சு தாக்கியது, ஒருவர் உயிரிழந்தார். அங்கே திருட்டு ஏதுமில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தண்டவாளம், மின்கம்பி, கேபிள் போன்றவற்றை வாங்கும் பெருங்கிடங்குகளும் உலைகளுமே அவை வந்த வழியை மெய்ப்பிக்கும் கடமையை ஏற்க வேண்டும். சேகரிப்போரைக் காவல் நிலையம் பதியக் கூடாது. உள்ளாட்சி அமைப்பு தொழிலாளராகப் பதிய வேண்டும். கழிவு சேகரிப்போரைப் பதிவு செய்யும் திட்டம் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே இடம்பெற்றிருந்தது. சான்றிதழ் பணத்தில் ஒரு பகுதி அவர்களின் மருத்துவத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ரயில்வே, மின்வாரியத் தொழிற்சங்கங்களும் கழிவு சேகரிப்போர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒரே மேடையில் எழுப்புவது அவசியம். கம்பி காணாமற்போன மறுநாள் சந்தேகத்துக்கு ஆளாகும் ஒப்பந்தக் காவலாளியும் மூட்டை சுமப்பவரும் ஒரே தெருவில்தான் வாழ்கிறார்கள்.