பம்புசெட் ஆயிலும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: டீசல் பம்புசெட்டுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாமா? பழைய ஆயிலை என்ன செய்வது?
– வாசகர், ஆம்பூர் வட்டம்

பதில்: தாராளமாக மாற்றலாம். என்ஜினை 5 நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஆயில் இளகி, அடியில் படிந்த கசடோடு இறங்கும். சூடு சற்றுத் தணிந்ததும் அகலமான தட்டு வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, கடைசிச் சொட்டு வரை வடியவிட வேண்டும். வடிந்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத்தூள் மின்னினால் உள்ளே தேய்மானம். இரண்டுக்குமே மெக்கானிக்கை அழைக்க வேண்டும். வாஷரைப் பார்த்து போல்ட்டை முறுக்கியபின், கையேட்டில் உள்ள கிரேடு ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். அதிகமானால் நுரைக்கும், சீல் வழியே கசியும்.

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. மூடிய கேனில் சேர்த்து, ஒர்க்‌ஷாப் மூலம் மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் பக்கத்து நீர் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சமிருக்கும் கிணற்றையாவது விவசாயிதான் காப்பாற்ற வேண்டும்.