தலைகீழ்ப் பாடம்

பல்கலைக் கழகத்தில் சமூகவியல் படிக்கச் சேரும் மாணவனுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு கண்டம் காத்திருக்கிறது. கோட்பாட்டுப் பாடம் என்று அதற்குப் பெயர்.

ஜெர்மன் பேரறிஞர் மாக்ஸ் வெபரின் "பொருளாதாரமும் சமுதாயமும்" என்ற நூலைக் கையில் எடுக்கிறான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் நூல். எடுத்த எடுப்பில் வரையறைகள், வரையறைக்கு விளக்கம், விளக்கத்துக்குள் இன்னொரு வரையறை. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றுகிறது. "நம் மூளைக்கு இது எட்டாது" என்று முடிவு கட்டி, பழைய நோட்டுக்களை உருப்போடக் கிளம்பிவிடுகிறான். பரீட்சை தேறுகிறது, பாடம் போய்விடுகிறது.

மூளையின் மீது பழி போடுவது நியாயம் அல்ல. வெபர் 1920-ல் காலமானபோது அந்த நூல் முடிவு பெறவில்லை. எஞ்சிய பிரதிகளைத் தொகுத்து வெளியிட்டவர் அவர் மனைவி மரியானே. மதம், சட்டம் பற்றிய பகுதிகளை வெபர் முதல் உலக யுத்தத்துக்கு முன்பே பெரும்பாலும் எழுதி வைத்திருந்தார். நூலின் முகப்பில் நிற்கும் வரையறைகளோ அவர் கடைசியாக எழுதியவை. ஆயுள் முழுவதும் உழைத்து அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தொடங்கச் சொல்கிறார்கள்!

கடுநடையைக் கண்டு அறிஞர்களே முகம் சுளித்தது உண்டு. அமெரிக்கரான டால்காட் பார்சன்ஸ் எழுதிய 555 பக்க நூலை 150 பக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடலாம் என்று 1959-ல் ரைட் மில்ஸ் போட்டு உடைத்தார்.

வழி வேறு உண்டு. ஆந்த்ரே பெத்தேய் என்ற அறிஞர் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார். கிராமத்துக்கு அவர் இட்ட பெயர் ஸ்ரீபுரம். செல்வம், மதிப்பு, அதிகாரம் மூன்றும் ஒன்றல்ல என்பது வெபர் காட்டிய பாகுபாடு. ஸ்ரீபுரத்தில் முன்பு மூன்றும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன. பிறகு நிலம் கைமாறத் தொடங்கியது; பஞ்சாயத்து பிராமணர் அல்லாதார் வசம் போயிற்று. சடங்கில் உள்ள மதிப்பு மட்டும் பழைய இடத்தில் நின்றது. இதைப் படித்தவன், தன் ஊரில் நிலம் யாருக்கு, பஞ்சாயத்து யாருக்கு, கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று கணக்குப் பார்க்காமல் இருப்பானா?

அதன் பின் வெபர் 1919-ல் மியூனிக் மாணவர்களிடையே அரசியலைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவைப் படிக்கலாம். பேச்சு ஆதலால் பின்தொடர முடியும். வரையறைகளுக்கு அப்புறம் வரலாம். அப்போது அவை பழகிய முகங்களாக இருக்கும்.

இந்த வரிசை மாற்றத்துக்குக் காலணா செலவு இல்லை. ஆனாலும் பல வகுப்புகளில் முதல் நாள் கரும்பலகையில் ஏறுவது வரையறைதான்.