இரண்டிரவுக் கப்பல் உலா: நம் குடும்பத்திற்கு ஏற்றதா?

 

கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். 1985-ஆம் ஆண்டு இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த நம் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. மழை குறைந்த வானமும் ஈரமற்ற காற்றும்தாம் சிவகாசியைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உரிய ஊராக ஆக்கின. அத்தகைய ஊரின் இல்லங்களிலும் இன்று கடலைப் பற்றிய பேச்சு நுழைந்துவிட்டது. "சென்னையிலிருந்து கப்பலில் இரண்டு இரவு போய் வரலாமாமே, அத்தா!" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். "இரண்டே நாள்தானே, ஒருமுறை போய்த்தான் பார்ப்போமே" என்று வீட்டில் உள்ளவர்கள் வழிமொழிகின்றனர். குடும்பத் தலைவரோ மனத்திற்குள் கணக்குப் போடுகிறார்.

"இரண்டே நாள்தானே" என்னும் அந்தச் சொல்லைத்தான் இம்மாதம் நாம் ஆராயப் போகிறோம். குறுகிய பயணம் என்பதாலேயே அது எளிய பயணம் ஆகிவிடாது. நம்மில் பலர் முதலில் கப்பலின் வண்ணப் படத்தைப் பார்க்கிறோம். பிறகு பணத்தைத் திரட்டுகிறோம். மற்றவற்றைக் கப்பலில் ஏறிய பின்னரே எண்ணிப் பார்க்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் மாதம், அடுத்து ஆட்கள், பிறகு சூழல், அதன்பின் செலவு, கடைசியாகத்தான் கப்பல்.

உல்லாசக் கப்பல் என்பது என்ன?

2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பலைக் கொடியசைத்து வழியனுப்பினார். அக்கப்பல் 1990-இல் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்டு, 'நார்டிக் எம்ப்ரஸ்' என்னும் பெயரில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்காகவே ஓடத் தொடங்கியது. பல கைகள் மாறி இந்தியாவிற்கு வந்து, சென்னையிலிருந்து நடுக்கடல் வரை சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணங்களையும், விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களைத் தொட்டு வரும் நீண்ட பயணங்களையும் நடத்தியது.

இரண்டு இரவுப் பயணத்தில் நாம் எந்த ஊரையும் பார்ப்பதில்லை என்பதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். கப்பலே ஊர். முதல் நாள் பிற்பகலில் ஏறுகிறோம். மூன்றாம் நாள் காலையில் இறங்கிவிடுகிறோம். நடுவில் முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு பகல். அந்தப் பகலில் உணவுக் கூடம், நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, கடைகள், கடற்காட்சி ஆகியவை இருக்கும். இவற்றில் மகிழ்பவருக்குப் பணம் வீணாகாது. ஆனால் ஊர் பார்க்க ஆசைப்பட்டுச் செல்பவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்.

துறைமுகங்களைத் தொடும் பயணத்திலும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் அப்படியே நடக்கும் என்று உறுதி கூற இயலாது. அதே 2022 ஜூன் மாதத்தில், புதுச்சேரி அரசு அனுமதி வழங்காததால் அக்கப்பலின் பயணிகள் அங்கு இறங்க இயலாமற் போயிற்று.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

நம் வட்டாரத்திற்கே உரிய இடர்ப்பாடு ஒன்று இங்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அரபிக் கடல் கொந்தளிக்கும். அதனால்தான் 2022-லும் 2023-லும் சென்னைப் பயணங்கள் ஜூன் மாதத்தில் தொடங்கின. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் நிலை என்ன? பட்டாசுத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தீபாவளிச் சரக்கை அனுப்பும் காலம். அச்சகத்தாருக்கு நாட்காட்டி வேலை சூடுபிடிக்கும் காலம்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும்; கையில் சிறிது பணமும் இருக்கும். அப்போதுதான் ஊரே வெளியூர் கிளம்புகிறது. ஆனால் அதுவே வடகிழக்குப் பருவமழையின் உச்சம். வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம். கப்பல் சென்னையில் நிற்கும்போது நமக்கு ஓய்வில்லை. நமக்கு ஓய்வு கிடைக்கும்போது வங்கக் கடலுக்கு ஓய்வில்லை!

இதற்குச் சான்று வேண்டுமா? நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கப்பட்டது. பருவமழை காரணமாக அதே மாதம் 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. மீண்டும் அவ்வழியில் கப்பல் ஓடியது 2024 ஆகஸ்டு 16-இல்தான்.

ஆகவே தீபாவளி விடுமுறைக்கென்று கடற்பயணத்தை முன்கூட்டிப் பதிவு செய்வது முதன்முறை செல்வோருக்கு உகந்ததன்று. ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரி மாதமும் பொதுவாகக் கடல் அமைதியாக இருக்கும் நாட்கள். நாட்காட்டி வேலை முடிந்த அச்சகக் குடும்பங்களுக்கு அப்போது ஓய்வும் கிட்டும். ரமளான் எப்போது வருகிறது என்பதையும், பிள்ளைகளின் தேர்வையும் பார்த்து நாளைக் குறியுங்கள்.

அடுத்து ஆட்களைப் பாருங்கள்

கடல் நோய் என்பது கோழைத்தனம் அன்று. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண்ணோ 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டினால்தான் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாகின்றன. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு போன்ற அமைப்புகள் உண்டு; எனினும் ஆட்டம் அடியோடு நிற்பதில்லை.

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் வாந்தி எடுப்பவர் உங்கள் குடும்பத்தில் உண்டா? அவருக்காகக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், சன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மயக்கமும் தணியும். தலைச்சுற்றல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முழுப் பகல் கொண்ட பயணத்தில் அந்தப் பகலைப் படுக்கையில் கழித்தால் என்ன மிஞ்சும்? நீண்ட பயணத்தில் இரண்டாம் மூன்றாம் நாளில் உடல் பழகிக்கொள்ளும். குறும்பயணத்தில் பழகுவதற்குள் கரை வந்துவிடும்.

கருவுற்று 24 வாரம் கடந்த பெண்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கும் வயது வரம்பு உண்டு. இதய நோய், முற்றிய நீரிழிவு உள்ள பெரியவர்களைப் பொறுத்தவரை, நடுக்கடலில் இருப்பது சிறு மருத்துவ அறைதான் என்பதை மறவாதீர்கள்.

1995-இல் நிறுத்தப்படும் வரை பம்பாயிலிருந்து ஜித்தாவிற்குக் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் நம் உறவு வட்டத்தில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடல் எவரை வாட்டியது, எவரை வாட்டவில்லை என்பதை எந்த விளம்பரத்தாளையும்விட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

சூழலையும் ஒளிவின்றிப் பேசிக்கொள்ளுங்கள்

உல்லாசக் கப்பல்களில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் இசை நடனங்களும் உண்டு. கரையில் என்றால் விலகி வேறு தெருவில் போய்விடலாம்; கப்பலில் வேறு தெரு இல்லை. "நாம் அந்தப் பக்கமே போகமாட்டோம்" என்று சொல்வது எளிது. ஆனால் உணவுக் கூடத்திற்கும் மேல்தளத்திற்கும் செல்லும் வழி எது, வளர்ந்த பிள்ளைகள் மாலை நேரத்தை எங்கே கழிப்பார்கள் என்பதையெல்லாம் கணவனும் மனைவியும் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மனம் ஒப்பவில்லையெனில் வேண்டாமென்று விடுவதில் குறைவொன்றும் இல்லை.

உணவில் 'ஹலால் கிடைக்குமா?' என்று பொதுவாகக் கேட்டால் 'கிடைக்கும்' என்றே பதில் வரும். இறைச்சி எங்கிருந்து வருகிறது, பன்றி இறைச்சி அதே அடுப்பில் சமைக்கப்படுகிறதா, பதார்த்தங்களில் மது சேர்க்கப்படுகிறதா என மூன்றாகப் பிரித்து, எழுத்து மூலம் கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் அந்த இரண்டு நாளும் சைவ உணவோடு நிறைவடைய உங்கள் பிள்ளைகள் ஆயத்தமா என்றும் பாருங்கள்.

தொழுகைக்குப் பெரும் தடை இராது. கிப்லாவை மட்டும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தமிழகக் கரையை ஒட்டிய கடலில் அது மேற்கே, சற்று வடக்காகச் சாய்ந்த திசை. கப்பல் திரும்பினால் அறைக்குள் நம் திசையும் மாறிவிடும். இரும்பு உடல் கொண்ட கப்பலினுள் கைபேசியின் திசைகாட்டி பிழையாகக் காட்டலாம். கப்பல் எத்திசையில் செல்கிறது என ஊழியரிடம் கேட்டறிவதே நன்று. ஆட்டத்தில் நின்று தொழ இயலாதவர்க்கும், பயணத் தொழுகைக்கும் உரிய சட்டங்களை உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டுச் செல்லுங்கள்.

ஓர் அறையில் நால்வர் தங்கினால் செலவு குறையும் என்பார்கள். இருவர் படுக்கை கீழே, இருவர் படுக்கை மேலே. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் என்றால் சரி. மைத்துனர், கொழுந்தியார் எனச் சேர்ந்து செல்லும் கூட்டுக் குடும்பத்திற்கு அது ஒத்துவராது.

செலவுக் கணக்கு

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் தலைக்கு ஒரு கட்டணம். அதோடு வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு, இணைய வசதி, சிறப்பு உணவகம் ஆகியவை தனியே வரக்கூடும். 'கடைசியாகக் கையிலிருந்து எவ்வளவு போகும்?' என்று கேட்டு, அந்தத் தொகையை மட்டும் எழுதி வையுங்கள்.

நம் ஊரிலிருந்து போகும் கணக்கு இன்னும் நீளும். பொதிகை விரைவு வண்டியில் சிவகாசியிலோ விருதுநகரிலோ இரவு ஏறினால், காலையில் சென்னை. பிற்பகலில் கப்பல். மூன்றாம் நாள் காலையில் இறங்கி, மாலை வண்டி வரை மூட்டை முடிச்சுகளோடு காத்திருக்க வேண்டும். ஆக, இரண்டு இரவுப் பயணத்திற்கு நாம் செலவிடுவது நான்கு இரவுகள். வண்டி தாமதமானால் கப்பல் காத்திராது. முடிந்தால் ஒருநாள் முன்னதாகவே சென்றுவிடுங்கள்.

இத்தொகையைப் பள்ளிக் கட்டணத்திலிருந்தோ பெண்ணின் திருமணச் சேமிப்பிலிருந்தோ எடுக்க வேண்டியிருந்தால், வட்டிக்குத் தவணை முறையில் வாங்கித்தான் செல்ல வேண்டும் என்றால், இப்பயணம் உங்களுக்கு உரியதன்று. கடல் எங்கும் போய்விடாது.

இன்னொன்று. பட்டாசு மட்டுமன்று, மெழுகுவத்தி, ஊதுபத்தி, சலவைப் பெட்டி, தண்ணீர் சூடேற்றும் கம்பி ஆகியவற்றையும் பொதுவாகக் கப்பலில் அனுமதிப்பதில்லை. ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் ஊராருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். ஏறியவுடன் நடத்தப்படும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 2012 ஜனவரி 13-இல் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோர் அப்பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை.

வேறு வழிகள்

கடல் ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் அறிய விரும்பினால், கொச்சிக்குச் செல்லுங்கள். கேரள அரசு நிறுவனத்தின் 'நெஃபர்டிட்டி' கப்பல் ஏறத்தாழ 200 பேரை ஏற்றிக்கொண்டு சில மணி நேரம் அரபிக் கடலில் சென்று திரும்பும் வகையில் அமைக்கப்பட்டது. சூழலை விசாரித்துக்கொண்டு ஏறினால் குறைந்த செலவில் உடலின் விடை தெரிந்துவிடும். 2018-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட செங்கோட்டை - புனலூர் வழி நமக்குக் கேரளத்தை எளிதாக்கியிருக்கிறது.

ஊரும் பார்க்க வேண்டும், மது, சூதாட்டச் சூழலும் வேண்டாம் என்போர் இலட்சத்தீவுகளை எண்ணிப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ளோரில் 96 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். பங்காரம் நீங்கலாக நெடுங்காலமாக மதுவிலக்கு உள்ள தீவுகள். கொச்சியிலிருந்து 'எம்.வி. கவரத்தி' கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைச் சுற்றிவரும் ஐந்து நாள் திட்டத்தைத் தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்தி வந்துள்ளது. முன் அனுமதிச் சீட்டு கட்டாயம். பெருங்கப்பலிலிருந்து சிறு படகிற்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அது கடினம்.

முடிவாக

சிறு பிள்ளைகளும் திடமான உடல்நலமும் உள்ள குடும்பம், கப்பலையே பார்க்க விரும்பும் குடும்பம், உபரிப் பணத்தில் அமைதியான மாதத்தில் செல்லக்கூடிய குடும்பம், சூழலைப் பற்றி முன்னரே பேசித் தெளிந்த குடும்பம் எனில் இரண்டு இரவுப் பயணம் ஏற்றதே. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் கொச்சியில் சில மணி நேரத்தோடு தொடங்குங்கள். ஊர் பார்க்க விழைவோர் இலட்சத்தீவுகளுக்காகச் சேமியுங்கள். முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதன்பின் பயண முகவரைப் பாருங்கள்.

இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து மாதம், ஆட்கள், சூழல், செலவு என நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். நான்கிற்கும் மனம் நிறைந்த விடை கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், பயணம் இனிதாக அமையும். வஸ்ஸலாம்.