நாய் கேட்காத கேள்வி



நாய் வீட்டைக் காக்கும், தெரியும். நோயாளியைப் பார்க்கப் போகும், தெரியுமா? அதற்கு 'தெரபி நாய்' என்று பெயர். அமெரிக்காவில் எலைன் ஸ்மித் என்ற நர்ஸ் 1976-இல் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். நாய்க்குத் தடுப்பூசி போட்டு, பயிற்சி கொடுத்து, பரீட்சையும் வைப்பார்கள். (நமக்கு மட்டும்தான் பரீட்சை என்று நினைக்காதீர்கள்!) பாஸானால்தான் முதியோர் இல்லத்துக்குள் விடுவார்கள்.

அங்கே அல்சைமர் நோய் வந்த தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். இந்த நோயை 1906-இல் எடுத்துச் சொன்னவர் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். முதலில் காலையில் சாப்பிட்டது மறக்கும். அப்புறம் பேர் மறக்கும், முகம் மறக்கும். குணமாக்க இன்னும் மருந்து இல்லை.

நாய் வந்தால் மட்டும் குணமாகுமா? ஆகாது. 2019-இல் காக்ரேன் என்ற அமைப்பு, மறதி நோயாளிகளிடம் விலங்குகளைப் பழகவிட்டுச் செய்த 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 305 பேர். மனச்சோர்வு கொஞ்சம் குறையலாம், அதுவும் உறுதியில்லை என்றுதான் சொன்னது.

அப்ப எதுக்கு நாய்? என் கருத்தைச் சொல்கிறேன். நாய் கேள்வி கேட்காது!

எங்கள் அப்பாயிக்கு இந்த மறதி இருக்கிறது. பார்க்க வருகிற எல்லாரும் முதலில் கேட்பது, "நான் யாருன்னு தெரியுதா? சொல்லு பார்ப்போம்." அப்பாயி முந்தானையை விரலில் சுற்றிக்கிட்டே தரையைப் பார்ப்பாங்க. கேட்டுக்கிட்டே இருந்தா ஞாபகம் வரும்னு சிலர் சொல்றாங்க. செல்லே அழிந்த பிறகு, மனப்பாடம் செய்ய இது என்ன திருக்குறளா?

நாய் அப்படி இல்லை. பேரை மாற்றிக் கூப்பிட்டாலும் வாலாட்டும். ஒரே கதையைப் பத்து தடவை சொன்னாலும் பக்கத்திலேயே உட்காரும்.

அதுக்காகத் தெருநாயைப் பிடித்து வந்து விடாதீர்கள். வெறிநோய் ஆபத்து! நாய் என்றாலே பயப்படுகிற பாட்டிகளும் உண்டு. நாய்தான் வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார், அல்சைமர் நோயாளிகள் சாப்பிடும் அறையில் மீன் தொட்டி வைத்துப் பார்த்தார்கள். 62 பேரிடம் செய்த அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவர்கள் முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியதாம். எங்கள் அப்பாயியும் எங்க பேரை மறந்தாலும், "பா... பா..." என்று கோழியைக் கூப்பிட மறக்கலை. கோழி ஓடி வந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு.

எனவே நண்பர்களே! நம்மிடம் தெரபி நாய் இல்லை. ஆனால் அதன் குணத்தை நாம் கற்றுக்கொள்ளலாம், காசு செலவில்லை. "நான் யாரு?" என்று கேட்காமல், "நான் உங்க பேத்தி வந்திருக்கேன்" என்று நாமே முதலில் சொல்வோம். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பள்ளி விட்டுப் போகும்போது "லூசுக் கிழவி" என்று கத்துகிறவர்கள் இன்றோடு நிறுத்துங்கள். அது பைத்தியம் இல்லை, நோய். நாளைக்கு நம் வீட்டிலும் யாருக்கும் வரலாம்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அன்றைக்கு மட்டும் நினைத்தால் போதுமா? மறந்தவர்களை நாமும் மறக்கலாமா? சிந்திப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி