டயருக்குப் பூசும் மெருகு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, புதிய டயர்களுக்கான வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம்தான். ஆனாலும் கோவையில் பழைய டயருக்கு மெருகு பூசி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரின் வர்ணத்துக்கு அதிகச் செலவு வேண்டாம். கார் ஷாம்பு, மெல்லிய துணி, கொஞ்சம் மெழுகு போதும். பாத்திரம் கழுவும் சோப்பு கூடாது, மெழுகை எடுத்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். (அதற்காகக் குடிக்கிற சிறுவாணியைக் காருக்கு ஊற்ற மனம் வருமா?) நிழலில் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள்.

டயர் விஷயம் வேறு. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க, டயர் செய்யும்போதே ஒருவகை மெழுகு சேர்க்கிறார்கள். டீசலைத் தடவினால் ரப்பர் கெடும். பெட்ரோலியம் கலந்த மெருகு அந்த மெழுகைக் கரைக்கும். தண்ணீர் கலந்த மெருகே நல்லது. அதையும் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். தரையில் படும் பாகத்தில் பட்டால், பிரேக் போடும்போது வண்டி வழுக்கும்!

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? டயர் கன்னங்கரேல் என்று மின்னினால் மயங்காதீர்கள். பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். '1415' என்றால், 2015-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்த டயர். ரப்பர் இறுகியிருக்கும். சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும்? வண்டிக்குள் இருப்பது உங்கள் மனைவி மக்கள் அல்லவா? கார் விலையில் 4 புது டயரின் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.